ஆபேல் வீட்டுத் தோல் தோட்டம்

"இது இன்னா கல்யாண வூடா, சாயப்பட்டறையா? எறங்கி வந்து பாரு தம்பி!"

"அது மழத்தண்ணிக்கா…"

"மழ எங்க பேஞ்சுது? ஆம்பூர்ல உன் செவுத்துக்கு மட்டும் தனியா பேஞ்சுதா?"

அக்தரி பேகத்தின் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும். கோபத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் மகளுக்கு நிக்காஹ். புதிதாக வெள்ளையடித்த அவள் காம்பவுண்டுச் சுவரில் கறுப்பும் பழுப்பும் தாரை தாரையாக வழிந்திருந்தன. அதை ஒட்டி எழும்பி நிற்கும் மாடிச் சுவர் பக்கத்து வீட்டு ஆபேலுடையது. மேலே அவன் கையில் பூவாளி. பிறகு மழையாம், மழை!

அந்தச் சுவர் முழுக்கத் தோல் பைகள், பைகளில் மண், மண்ணில் மணி பிளான்ட். வெளிநாட்டில் கட்டடங்களுக்குச் செடியைப் போர்த்தி லாரிப் புகையையும் தூசியையும் வடிகட்டுகிறார்கள் என்று டிவியில் பார்த்தானாம். பார்த்தவன் சட்டி வாங்கியிருக்கலாம். ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஆயிற்றே, கழித்துப்போட்ட தோல் துண்டுகளைப் பொறுக்கி வந்து பைகளாகத் தைத்துவிட்டான். அக்தரி பேகத்திடம் முன்கூட்டியே கேட்கவும் செய்தான், மரியாதைதான். செடி என்று சொன்னான். தோல் என்று சொல்லவில்லை.

சத்தம் கேட்டு அவள் கணவர் அப்துல் வஹீத் வந்தார். தோல் வியாபாரி. அண்ணாந்து பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏம்பா ஆபேலு, கம்பெனில தோலு மேல தண்ணி பட்டா சாயம் போய்டும்னு ஒரு சூப்பர்வைசர் கத்துவாரே, அது நீதான?"

"இது ஃபினிஷிங் பண்ண தோலு பாய். சாயம் விடாதுன்னு நெனச்சேன்."

"நீங்க சிரிக்காதீங்க!" என்று அக்தரி பேகம் கணவரையும் ஒரு வெட்டு வெட்டினாள். "அத்தனையும் இப்பவே பிச்சி எறியச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து நைட் டூட்டி முடிந்து ஆபேலின் மனைவி பொன்மலர் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு மாதமாக இந்தச் சுவரை அவள் திட்டாத திட்டு இல்லை. "கம்பெனில வேஸ்ட் தோலு, வூட்ல வேஸ்ட் ஆளு" என்று தெருக்குழாயில் சொல்லிச் சொல்லியே குடம் நிரப்புவாள். ஆகவே ஆபேல் தொலைந்தான் என்றுதான் தெருக்காரர்கள் நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம்.

"அக்கா, இன்னிக்கே ஆள் வெச்சி வெள்ளையடிச்சுத் தர்றேன். செடிய மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க" என்றாள்.

"நீயுமா பொன்மலரு?"

"இது போச்சுன்னா நான் வேலைய விட்டுட்டு நெமிலிக்குப் போய் மாமியார் கூட உக்காரணும்கா."

விஷயம் இதுதான். அவர்கள் மகள் ஃபீபிக்கு வீசிங். பின்னால் தோல் பதனிடும் டேனரி, முன்னால் லாரிப் புழுதி. காற்று மாறினால் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெமிலியில் ஆபேலின் அப்பாவுக்கு வீடும் நிலமும் உண்டு. பிள்ளையைக் கூட்டி வா என்று வாரம் தவறாமல் போன் வரும். பொன்மலருக்கோ போன வருடம்தான் வேலை நிரந்தரமானது. விட்டால் திரும்பக் கிடைக்காது. ஊரை மாற்றாமல் காற்றை மாற்றுகிறேன் என்று ஆபேல் இறங்கியது அதனால்தான்.

மாமியார் என்ற சொல்லில் அக்தரி பேகம் இளகிவிட்டாள். அவளுக்கும் ஒன்று வாய்த்திருந்ததே. "நிக்காஹ் முடியிற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி ஊத்தக் கூடாது. தோலு பூரா கழட்டணும்" என்றாள். விருந்துப் பிரியாணியில் காலியான எண்ணெய் டின்களையும் நிக்காஹ் முடிந்ததும் அவளே கழுவிக் கொடுத்தாள். தோல் போய் டின் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் சுவர் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. ஆபேலின் அலட்டலைக் கேட்க வேண்டுமே! போகிற வருகிறவர்களை நிறுத்தி, வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் இலையைத் துடைத்துக் காட்டுவான். "பாருங்க எவ்ளோ அழுக்கு! இல்லேன்னா எல்லாம் நம்ம நெஞ்சுக்குள்ள போயிருக்கும்." கைக்குட்டை என்னவோ கறுப்பாகத்தான் இருந்தது. டேனரி வாடை மட்டும் எப்போதும் போலச் செடியைத் தாண்டி வந்து எல்லார் வீட்டுச் சாப்பாட்டிலும் உட்கார்ந்தது.

ஆனால் ஃபீபிக்கு இழுப்பு ஜாஸ்தியானது. பொன்மலர் ராத்திரி டூட்டியை மாற்றிக்கொண்டு பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமசுக்கு வீட்டைச் சுத்தம் செய்ய ஃபீபியின் கட்டிலை இழுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. கட்டிலை ஒட்டியிருந்தது செடிச் சுவரின் உள்பக்கம். டின்னில் ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓட்டை வழியே சுவருக்குள் இறங்கி, கட்டில் உயரத்துக்குக் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது.

"வெளிய காத்த சுத்தம் பண்றேன்னு உள்ள பூசணத்த வளத்து வெச்சிருக்கியேயா!"

"நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு குடுத்தா சரியாய்டும் மலரு. ரெண்டாவது சாம்பிள்ல…"

"எம்புள்ள மூச்சு உனக்கு சாம்பிளா?"

டின்கள் ஒவ்வொன்றாகத் தெருவில் வந்து விழுந்தன. கடைசி டின் விழுந்தபின் ஆபேல், "அப்ப வேற வழியில்ல. ரிசைன் பண்ணிடு, நெமிலிக்கே போய்டலாம்" என்றான்.

"புள்ளைக்கு வேணுங்கிறது நல்ல காத்துதான? அதுக்கு நான் எதுக்கு ரிசைன் பண்ணணும்? ஷூ கம்பெனிய நீ ரிசைன் பண்ணு."

ஆபேல் தெருவில் இறங்கி டின்களைப் பொறுக்கி அடுக்கினான்.

பொங்கலுக்கு முன்பே ஃபீபியைக் கூட்டிக்கொண்டு ஆபேல் நெமிலிக்குப் போய்விட்டான். அங்கே பிள்ளை மூச்சு வாங்காமல் ஓடுகிறதாம். இவன்தான் வரப்பில் நடக்கத் தெரியாமல் அப்பாவிடம் பேச்சு வாங்குகிறானாம். வீட்டைக் காலி செய்த பொன்மலர், மகள் போனபின் காலியாகக் கிடந்த வஹீத் பாய் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் நெமிலிக்கு பஸ் ஏறுகிறாள். அக்தரி பேகத்தின் மகள் வாக்கப்பட்டுப் போனது வாணியம்பாடிக்கு. அந்த வீட்டுக்குப் பின்னாலும் டேனரிதான்.