உப்பளத்துக்கு ஒரு மூட்டை உப்பு

1

ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து இந்தக் கதை வந்தது. பெரிய முதலியார்சாவடியில் ஒரு டீக்கடை பெஞ்சில், எனக்குப் பக்கத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் தன் நண்பரிடம் சொன்னார்: "வண்டிக்கு எர்த் போடறதுக்கு ஒரு மூட்டை உப்பு வாங்கிக்கினு போனோம். எங்கன்ற? மரக்காணம் உப்பளத்துக்கு."

இருவரும் சிரித்தார்கள். நானும் டம்ளருக்குள் சிரித்தேன். பஸ் வந்துவிட்டது. என்ன வண்டி, யாருடையது, உப்பளத்தில் அதற்கு என்ன வேலை, எதையும் கேட்கவில்லை. கீழே வரும் மனிதர்கள் எல்லோரும் நான் செய்தவர்கள். உப்பு மட்டும் உண்மை.

2

முதல் தொடக்கம்: "மரக்காணத்தில் கடல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது." அடித்துவிட்டேன். கடல் காய்வதில்லை. நீர்தான் போகிறது.

இரண்டாவது: "சைபுன்னிசாவின் மூச்சு ஒரு சுவரில் இருந்தது." இது நிற்கட்டும். ஆனால் விளக்க வேண்டும்.

சைபுன்னிசா, கோட்டக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பஷீர் அஹமதுவின் மனைவி. நுரையீரல் கெட்டுவிட்டது. கட்டிலருகே ஓர் ஆக்சிஜன் மெஷின். அறைக் காற்றை இழுத்து, அவளுக்கு வேண்டியதை மட்டும் பிரித்து, குழாயில் மூக்குக்கு அனுப்பும். மெஷினின் ஒயர் சுவர் பிளக்கில். அங்கிருந்து குழாய் எட்டும் தூரம்தான் அவள் நடமாட்டம். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு சிறு சிலிண்டர் உண்டு. போய் வரத்தான் போதும்.

ஆரோவில்லை விட்டு ஊர் திரும்பிய ஒரு ஜெர்மன் கிழவரிடம் பஷீர் ஒரு கேரவன் வாங்கினார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி. வெளியே தகரம், உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னல். வாலிபத்தில் அதை இழுத்துக்கொண்டு தரைவழியாகவே இந்தியா வந்தாராம் அவர். (வழியில் எத்தனை நாடுகள் என்று எண்ணத் தொடங்கி நிறுத்தினேன். இது அவர் கதையல்ல.)

சுவரில் இருக்கும் பிளக்கை இந்த வண்டிக்குள் கொண்டுவர வேண்டும். கதையின் வேலை அவ்வளவுதான்.

3

எலக்ட்ரீஷியன் ராஜவேலை முதலில் நான் நம்பவில்லை. வீடுகளுக்கு இன்வெர்ட்டர் மாட்டியவன், வண்டிக்கு மாட்டியதில்லை. இப்படிப்பட்டவன் கதைகளில் மேதையாக இருப்பான், இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரனாக இருப்பான். இரண்டு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் பேசவே மறுத்தான். வேலை தெரிந்த, பழக்கத்தில் கை ஓடுகிற ஒருவனாக விட்டேன். உடனே பேட்டரியைத் தூக்கினான்.

பேட்டரிகளைக் கட்டிலுக்கு அடியில், சக்கர அச்சுக்கு நேர் மேலே வைத்துப் பட்டையால் இறுக்கினான். கூரையில் சோலார் தகடுகள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குக் கட்டைவிரல் கனத்தில் ஒரு குட்டைக் கேபிள், நடுவில் ஃபியூஸ். இன்வெர்ட்டரைச் சுற்றிக் காற்று போக இடம். பிளக்குகளுக்கு வண்டியில் ஏற்கெனவே ஓடிய பழைய ஒயரே நன்றாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டான்.

"ஏம்பா, பேட்டரி மேலயா இவள படுக்க வெக்கிற?"

"வெயிட்டு நடுவுல இருந்தாத்தான் வண்டி ஆடாது பாய்."

"நான் படுத்தா சுத்தமா ஆடாது," என்றாள் சைபுன்னிசா, வீட்டு ஜன்னலிலிருந்து.

வாசலில் நின்ற வண்டிக்குள் ஒரு பல்பு எரிந்தது. மெஷினையும் வாசலிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் பஷீர்.

"வாசல்ல நிக்கிறதுக்கு எனக்கு எதுக்குங்க வண்டி? மரக்காணம் போலாம். பஸ்ல போறப்ப வெள்ளையா தெரியுமே, அங்க."

"அங்க கரண்டே கெடையாது சைபு."

"கரண்டு இல்லாத எடத்துக்குத்தான இத்தன பாடு?"

[பக்கக் குறிப்பு: பேட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். மெஷின் கேட்பதோ முன்னும் பின்னும் மாறுவதை, நொடிக்கு ஐம்பது தடவை. அதை மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் பெட்டியைத் திறந்தால், சூடாற்றும் சின்னக் காற்றாடியைத் தவிர உள்ளே எதுவும் அசைவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் வேறெதுவும் எழுதவில்லை.]

4

உப்பளம். இங்கே உவமைகளில் மாட்டிக்கொண்டேன். பனி விழுந்த நிலம் போல

பால் கொட்டி

வெள்ளைத் துணியை

எல்லாவற்றையும் பாதியில் விட்டேன். மிஞ்சியது இது: வெள்ளையாக இருந்தது. கண் போன தூரம் வரை இருந்தது.

ஜீப் மண்பாதையில் நின்றது. மூக்கில் சிலிண்டர் குழாயோடு சைபுன்னிசா கேரவன் ஜன்னலில் முகத்தை வைத்தாள். "யா அல்லாஹ்," என்றாள்.

உப்பு வாரிக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். பாத்திக்குள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. அவள் வெறுங்காலில் உப்புநீர் சொட்டியது.

"இன்னா, ஷூட்டிங்கா? ஈரோயினி எங்க?"

"நான்தாம்மா," என்றாள் சைபுன்னிசா.

"மூக்குல இன்னா பாயம்மா அது?"

"மூச்சு."

"தோ பார்றா. மூச்சுக்கே பைப்பு கனெக்சனா? எங்க தெருவுக்குத் தண்ணி கனெக்சனே இன்னும் வர்ல."

சைபுன்னிசா சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

ராஜவேல் ஜீப்பிலிருந்து மூட்டையை இறக்கினான். வண்டி ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. தகரத்தில் மின்சாரம் கசிந்தால் மண்ணுக்கு இறங்க அதற்கு ஒரு வழி வேண்டும். இல்லையென்றால் தொடுகிறவர் வழியாகத்தான் இறங்கும். அதற்குத்தான் எர்த் கம்பி. வீடுகளில் குழி தோண்டி, கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் கொட்டுவார்கள். கடையில் அவன் கை வழக்கம்போல் வாங்கியிருந்தது.

"மூட்டையில இன்னா தம்பி?"

"உப்புக்கா."

அந்தோணியம்மாள் மூட்டையைப் பார்த்தாள். கரையில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த உப்பைப் பார்த்தாள். "அடியே மாரியம்மா, ஓடியா! நம்மகிட்ட இல்லன்னு கடையில வாங்கியாந்துருக்காங்க!"

நான் எழுத உட்கார்ந்தது இந்தச் சிரிப்புக்காகத்தான். இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வண்டிக்குள் சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

5

பஷீருக்குப் பொறுமையில்லை. "எர்த் அப்பறம் போடலாம்பா. மெஷின் ஓடுதான்னு பாரு."

ராஜவேல் சுவிட்சைப் போட்டான். மெஷின் உறுமியது. சைபுன்னிசா சிலிண்டரைக் கழற்றி மெஷின் குழாயை மாட்டிக்கொண்டாள். சுவரே இல்லாத இடத்தில் அவளுக்கு மூச்சு வந்தது, வெயிலிலிருந்து. பஷீர் வெளியே வந்து கூரையைப் பார்த்தார், பாத்திகளைப் பார்த்தார். இரண்டின் மேலும் ஒரே வெயில். "சுப்ஹானல்லாஹ்," என்றார், யாருக்கும் கேட்காமல்.

எட்டிப் பார்க்க வந்த அந்தோணியம்மாள் கதவோரத் தகரத்தில் கையை ஊன்றினாள்.

"ஐயோ! சுர்ருங்குது!"

(இங்கே நிறுத்தினேன். ஷாக் அடிக்க உப்பளத்துப் பெண்தான் கிடைத்தாளா? பஷீரின் கையை வைத்து எழுதிப் பார்த்தேன். அவர் ஷூ போட்டிருந்தார்; ஒன்றும் தெரியவில்லை. ராஜவேலுக்கு ரப்பர் செருப்பு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றவள் அவள் ஒருத்திதான். அவளிடமே திரும்பி வந்தேன், தயக்கத்தோடு.)

ராஜவேல் ஆஃப் செய்தான். மெஷின் நின்றது. மறுபடி சிலிண்டர்.

"கெளம்பிடலாம்," என்றார் பஷீர். "வீடு போற வரைக்கும்தான் தாங்கும்."

"கொஞ்சம் இருங்க. தம்பி பாக்கட்டும்."

"சைபு, வெளையாடாத."

"ரெண்டு வருசமா நான் எங்கங்க வெளையாடினேன்?"

அந்தோணியம்மாள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "எனுக்கு ஒண்ணும் ஆவல. மோட்டாருகிட்ட இதவிட நல்லா வாங்கிருக்கேன். நீ பாரு தம்பி."

ராஜவேல் பிளக்கைக் கழற்றினான். பழைய ஒயரில் மூன்று கம்பிகள்: கறுப்பு, சாம்பல், சிவப்பு. சிவப்பில் அவன் மின்சாரம் கொடுத்திருந்தான். இங்கே வீடுகளில் சிவப்பில்தான் கொடுப்பார்கள். அந்தச் சிவப்பைத் தடவிக்கொண்டே போனான். கட்டிலுக்குப் பின்னால், ஒரு திருகாணியில், அது வண்டியின் தகரத்தோடு முறுக்கப்பட்டிருந்தது.

"செகப்புல எர்த்தா? எந்த ஊர்ல பாய் இப்பிடி வெப்பான்?"

"வண்டி எங்கேர்ந்து வந்துதோ அந்த ஊர்ல," என்றார் பஷீர்.

[பக்கக் குறிப்பு: அந்த நாட்டில் ஒரு காலத்தில் அப்படித்தான். பிறகு மாற்றிக்கொண்டார்கள். வண்டிக்கு அது தெரியாது. மலைகளையும் பாலைகளையும் தாண்டி, தன் ஊர் வழக்கத்தைத் தகரத்துக்குள் வைத்துக்கொண்டே வந்திருக்கிறது.]

கம்பிகளை மாற்றினான். எர்த் கம்பியைப் பாதையோரம் நட்டான். சுத்தியல் தேவைப்படவில்லை, கையால் அழுத்தவே இறங்கியது. சுவிட்சைப் போட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தான். அந்தோணியம்மாள் கை நீட்டினாள்.

"நீ இரு அக்கா."

செருப்பைக் கழற்றினான். பாத்தி நீரில் காலை நனைத்துவிட்டு வந்து, ஈர மண்ணில் நின்று, தன் உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"இன்னா தம்பி?"

"சுடுது," என்றான். "வெயிலு."

6

மெஷின் ஓடுகிறது. இனி முடிவு.

ஒன்று: சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். நடந்தால் இப்படித்தான் நடக்கும். ஆனால் அவள் ஜன்னலோடு நின்றுவிடுகிறாள்.

இரண்டு: மெஷின் நடுவில் நின்று, சிலிண்டரும் தீர்ந்து

இல்லை. மூச்சுத் திணறுகிற ஒருத்தியை வைத்து உங்களைப் பயமுறுத்துவது மிகச் சுலபம்.

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது சைபுன்னிசா என்னைக் கேட்காமல் படியிறங்கிவிட்டாள்.

வரப்பின் மேல் நடந்தாள், வெறுங்காலோடு. குழாய் பின்னால் வந்தது. இரண்டு பக்கமும் பாத்தி, பாத்திகளுக்குள் வானம். பஷீர் குழாய்ச் சுருளை விடுவித்துக்கொண்டே பின்னால் போனார். சுருள் தீர்ந்து குழாய் இறுகியது. அவள் நின்றாள்.

முன்னால், இன்னும் இரண்டு பாத்தி தள்ளி, நீரின் மேல் ஏதோ மினுங்கியது.

"அது இப்பத்தான் உப்பாவுது பாயம்மா," என்றாள் அந்தோணியம்மாள். "கிட்டப் போய்ப் பாத்தா பூவாட்டம் மெதக்கும்."

சைபுன்னிசா திரும்பவில்லை. "இன்னும் கொஞ்சம் டியூப் இருக்குதாங்க?"

பஷீரின் தோள்பையில் இன்னொரு குழாய் இருந்தது. நீளம் கூடினால் மறுமுனையில் மூச்சு மெலியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு மெலியும் என்று சொல்லவில்லை.

"இருக்குது," என்றார். அவரைப் பொய் சொல்லத் தெரியாதவராக எழுதிவிட்டேன்.

அதைச் சேர்க்க வேண்டுமென்றால் இதைக் கழற்ற வேண்டும், ஒரு கணம். அவள் தலையசைத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண் அந்தப் பாத்தியிலேயே இருக்கிறது. பஷீரின் ஒரு கையில் அவள் குழாய், மறு கையில் புதியது.

இனி எந்தக் கையை நான் அசைத்தாலும், அவள் மூச்சைப் பற்றி முடிவெடுத்தது நானாகிவிடும். அவளுக்காக முடிவெடுக்க ஏற்கெனவே பஷீர் இருக்கிறார், அவராலும் முடியவில்லை. உங்களிடம் விடுகிறேன்.

யோசியுங்கள். ஆனால் சீக்கிரம். அவள் இன்னும் மூச்சை விடவில்லை.