அரை மில்லி கூடிய ஆல்பம்

கோயம்புத்தூர்க்காரன் வீட்டில் ஒரு சாமான் பழுதானால் கடைக்குத் தூக்கிப் போகமாட்டான். தானே பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த பாலுசாமியின் மகன் மோகன்குமாரும் அந்த ரகம்தான். டேப் ரெக்கார்டரில் நாடாவை ஓட்டும் சின்னச் சக்கரம், மோட்டார் புல்லி, உடைந்தபோது, பட்டறையிலேயே பித்தளையில் ஒன்றைக் கடைந்து மாட்டினான். கேசட் சுற்றியது. அதற்குமேல் என்ன வேண்டும்?

அந்த டேப்பில்தான் 1994இல் கல்லூரித் தோழன் கிஷன் கொண்டுவந்த கேசட் ஓடியது. அமெரிக்காவிலிருந்து அவன் மாமா அனுப்பியது. இவர்கள் பிறக்கும் முன்பே வெளிவந்த ஹார்ட் ராக் ஆல்பம். அட்டையில் முடியை வளர்த்துவிட்ட நாலு பேர். முதல் பாட்டில் கிடார் இறங்கியதுமே மோகன்குமாருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பவர் பிரஸ் சத்தத்தில் வளர்ந்த காது அது. இத்தனை நாள் இரைச்சல் என்று ஊரே திட்டியதை யாரோ பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள்! டிரம்ஸ் கற்றே தீருவதென்று அன்றைக்கே முடிவு செய்தான். கிஷன் கிடார் வாங்கினான். கூடப் படித்த சைத்ரா, பாடப்போவது தான்தான் என்று வந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை.

மூன்று பேரும் பட்டறை மாடியில் அந்த எட்டுப் பாட்டையும் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்கள். வேறு கேசட்டை அந்த டேப்பில் போட மனசே வரவில்லை. பாட்டின் சுருதிக்கு எட்டவேண்டுமென்று கிஷன் தந்திகளை முறுக்கி ஏற்ற, மாதம் நாலு தந்தி அறுந்தது. சைத்ரா தொண்டை கட்டி வெந்நீரும் கையுமாகத் திரிந்தாள்.

முதன்முதலாகக் கல்லூரி விழா இசைப் போட்டியில் மேடை ஏறியபோது, இரண்டாம் நிமிஷமே ஊளையிட்டு இறக்கிவிட்டார்கள். ‘பம்புசெட்டு பார்ட்டி’ என்று பட்டப்பெயர் வேறு. இப்போது 1996, கடைசி வருஷம், அதே போட்டி. இன்றும் இறக்கிவிட்டால் அந்தப் பெயரோடுதான் கல்லூரியை விட்டுப் போகவேண்டும். மோகன்குமாருக்குக் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை.

இவர்களுக்கு முன்னால் ஏறிய பெங்களூர்க் குழு, இவர்கள் வாசிக்க வைத்திருந்த அதே பாட்டை எடுத்தது. ஆனால் சாவகாசமாக, இறங்கிய சுருதியில். தப்பாக வாசிக்கிறார்களே, பாவம் என்று மோகன்குமார் முதலில் சிரித்தான். அசல் பாட்டை அறிந்த நடுவர்கள் கூடவே முணுமுணுத்துத் தலையாட்டியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. புல்லி! விட்டம் அரை மில்லியாவது கூடியிருக்கும். புல்லி பெருத்தால் டேப் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். லேத்துக்காரன் மகனாகப் பிறந்தும் வெர்னியர் வைத்து அளக்காமல் விட்டானே!

"சைத்ரா, தப்பு நடந்துபோச்சுங்க. புல்லிய நான் கண்ணளவுல கடைஞ்சுபோட்டேன். ரெண்டு வருசமா நாம கேட்டது நெசப் பாட்டே இல்லீங்க."

கிஷனுக்கு முகம் வெளுத்தது. "அட கெரகமே! தந்திய எறக்கி மெதுவா வாசிச்சுப் பாக்கலாமாடா?"

"அதத்தான் இப்பக் கேட்டுட்டாங்களே," என்றாள் சைத்ரா. "எனக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டுதானுங்க, நம்ம மாடியில கேட்டது. அதத்தான் பாடுவேன். நீங்க குச்சிய எடுங்க மோகன்."

மேடை ஏறியதுமே பின்வரிசையில் "பம்பு! பம்பு!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். மோகன்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் அடியை இறக்கினான். கிஷனின் கிடார் பாய்ந்து வந்தது. சைத்ரா வாய் திறந்த இடம், பெங்களூர்ப் பையன் தொட்டே பார்க்காத உயரம். ஊளை பாதியில் நின்றது. கேட்ட பாட்டுத்தான், ஆனால் யாரோ துரத்துகிற மாதிரி ஓடுகிறது! இரண்டாம் சரணத்தில் பின்வரிசை பெஞ்சுமேல் ஏறி நின்றது. மோகன்குமாருக்குக் கை வலிக்கவே இல்லை. பயம் போன இடம் தெரியவில்லை. முடித்ததும் அரங்கமே "ஒன்ஸ் மோர்" என்று கத்தியது. நடுவர்களில் ஒருவரும் கத்தினார். மறுபடி வாசித்தார்கள், முன்னைவிட வேகமாக.

முதல் பரிசு இவர்களுக்கென்று அறிவித்தபோது சைத்ரா மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள், கிஷன் அவளுக்கு மேல் அழுதான். மோகன்குமார் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெங்களூர்க் குழுவின் டிரம்மர் மேடையோரம் வந்து நின்று, தொடையில் தட்டித் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த ஸ்பீடு எனக்குக் கைக்கே வரமாட்டேங்குது. எப்படி அடிக்கிறீங்க?"

மோகன்குமார் கழற்றியதை மறுபடி மாட்டினான். ஸ்டூலைத் துடைத்து அவன் பக்கம் நகர்த்தினான்.

"உக்காருங்க," என்றான். "சொல்லித் தாரேன்."