கடைசியாகப் பார்த்தது

…மூன்று வாரம், ஒரு கையெழுத்துக்கு மூன்று வாரம், பர்மிட் புதுப்பிக்கிற அந்த விண்ணப்பத்தைத் தன் கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் இந்த மாப்பிள்ளை, இப்போது வந்து “ஏம்மா, நீ ஞாபகப்படுத்தலையா?” என்கிறான், ஆறு தடவை ஞாபகப்படுத்தினேன், ஏழாவது தடவை நெற்றியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும் போல. முதலாளியின் தங்கையைக் கட்டினான், அந்த ஒரே தகுதியில் இந்தச் சலவைத் தொழிற்சாலைக்கு மேனேஜர், எல்லாரும் முதுகுக்குப் பின்னால் மட்டுமில்லை, நேரிலேயே மாப்பிள்ளை என்கிறார்கள், அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறது அது. வெளிநாட்டு ஆட்கள் பதினான்கு பேர், அவர்களுடைய பர்மிட் ஃபைல்கள்தான் என் வேலை, யாருக்கு எப்போது முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் என் கையெழுத்து செல்லாதே, செல்லுகிற கையெழுத்து இந்த மகானுடையது. அதில் இஸ்திரி உருளையில் நிற்கிற ஆள், நெட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவன் பர்மிட் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். பதினோரு மணிக்கு அதிகாரி சோதனைக்கு வருகிறார். பர்மிட் இல்லாதவன் இஸ்திரி உருளையில் படுக்கை விரிப்பு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார் என்றால் இரண்டு வருடத்துக்குக் கம்பெனி வெளிநாட்டு ஆளே எடுக்க முடியாது, மாப்பிள்ளை மச்சான் முகத்தில் விழிக்க முடியாது.

அதற்குத்தான் அந்த மூளை ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. காலையில் என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, செண்ட் வாசம் மூக்கில் ஏற, “சிம்பிள்மா, அவன் ஓடிப்போயிட்டான்னு ஒரு புகார் போட்டுடு, பர்மிட் முடியறதுக்கு முந்தின நாள்லேர்ந்து ஆளைக் காணோம்னு.” “கீழதானே சார் நிக்கிறான்?” “பத்தேமுக்காலுக்கு வண்டியில ஏத்தி அனுப்பிடறேன்.” “அப்புறம்?” “அப்புறம் அவன் பாடு.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவன் ஆறடி ஆளை மறைக்கப் போகிறானாம்… அவன் பாடு என்றால் என்ன பாடு என்று எனக்குத் தெரியாதா, புகார் ஏறிய நிமிடத்திலிருந்து அவன் தேடப்படுகிறவன், பிடித்தால் காவல், பிறகு விமானம், ஆயுசுக்கும் இந்த நாட்டில் கால் வைக்க முடியாது. அவனும் ஒரு ஆள்! பன்னிரண்டு நாளாகக் காலையில் மாடியேறி வந்து “அக்கா, கார்டு வந்துச்சா?”, நான் “ரெண்டு நாள்ல வந்துடும்பா”, உடனே தலையாட்டிவிட்டு இறங்கிப் போகிறான், ஒருநாளாவது மேஜையைத் தட்டிக் கேட்டானா, இப்படி நின்றால் தலையில் மிளகாய் அரைக்காமல் என்ன செய்வார்கள்… நான் எதற்கு அவன்மேல் எரிந்து விழுகிறேன்?

சட்டப்படி பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்க வேண்டும், இங்கே எல்லாம் என் இழுப்பறையில், ரப்பர் பேண்டு போட்டு, கேட்டால் ‘பத்திரத்துக்கு’. இன்று மட்டும் எல்லாருக்கும் கொடு, சாயங்காலம் திருப்பி வாங்கிவிடு என்று உத்தரவு. வரிசையாக வந்து வாங்கிப் போனார்கள், ஒருவன் தன் பழைய படத்தைத் திறந்து பார்த்துச் சிரித்தான், சாயங்காலம் வரைக்கும் சிரித்துக்கொள்ளப்பா. பதின்மூன்று போயிற்று, ஒன்று இருக்கிறது. வருகிற அதிகாரி மட்டும் என்ன வாழ்ந்தது, போன தடவை கழிவறையில் சோப்பு இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு, ஃபைலைத் தலைகீழாகப் புரட்டி, “வெரி குட்” என்று போனவர்.

திரையில் படிவம் திறந்திருக்கிறது. புகார் அளிப்பவர் என்ற இடத்தில் என் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, மாப்பிள்ளை பெயர் எந்த மூலையிலும் இல்லை, கெட்டிக்காரன்தான், இதில் மட்டும். முடியாது என்று எழுந்துவிடலாம்… வீட்டுக்காரர் வேலை போய் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது. கடைசியாகப் பார்த்த நாள், நேரம், இடம். அதன் கீழே பொடி எழுத்தில், உங்கள் முந்தைய புகார்கள்: 1. ஒன்றா… ஆமாம், ஒன்று, நான்கு வருடம் முன்பு, மூட்டை கட்டுகிற ஆள், இதே கையெழுத்து, இதே தாமதம், இதே ‘சிம்பிள்மா’. அன்று மாப்பிள்ளையை மனதுக்குள் எப்படிக் கிழித்தேன், ஒரு வார்த்தை மறக்கவில்லை, ‘கல்யாணம்தான் இவன் படித்த படிப்பு’ என்று வீட்டில் சொல்ல, வீட்டுக்காரர் புரையேறச் சிரித்தார். அந்த ஆளுக்கு மீசை உண்டா? குட்டையா? பெயரை இந்த விரலால்தானே தட்டினேன்… மாப்பிள்ளை அன்று போட்டிருந்த கோடு போட்ட சட்டை ஞாபகம் வருகிறது, அந்த ஆளின் முகம் வரவே மாட்டேன் என்கிறது.

“அக்கா.” நெட்டை வாசலில் நிற்கிறான். “மாப்பிள்ளை சார் வண்டியில போகச் சொன்னார். எனக்கும் பாஸ்போர்ட் தருவீங்களா அக்கா?” மணி பத்து நாற்பது. இழுப்பறை திறந்துதான் கிடக்கிறது, கைக்கு எட்டுகிற தூரம். நான் அவனைப் பார்க்கிறேன், இடது புருவத்தில் ஒரு வெட்டு, நீராவியில் சிவந்த காது, முன்பல்லில் சின்ன இடைவெளி, தாடையில் சவரம் விட்டுப்போன ஒரு திட்டு, ஒன்று விடாமல் பார்க்கிறேன்… இவ்வளவு அக்கறையாக எதற்குப் பார்த்து வைத்துக்கொள்கிறேன், கொடுப்பதாக இருந்தால் இந்நேரம் கையை நீட்டியிருக்க மாட்டேனா?