ஆமைக்கு நான் நிரப்பிய படிவம்

எங்கள் பிரிவில் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் பட்டப்பெயர் உண்டு. நான் பம்பரம். சுற்றிக்கொண்டே இருப்பான், நின்றால் விழுந்துவிடுவான் என்று சமையல்காரர் வைத்த பெயர். பக்கத்துக் கட்டில்காரன் ஆமை. அவன் பூட்ஸ் கயிறு கட்டி முடிப்பதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடுவேன். ஆனால் அவன் கட்டிய கயிறு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. என்னுடையது அணிவகுப்பில் தினமும் அவிழும். திட்டு வாங்குவேன். மறுநாளும் அவிழும்.

வருடத்துக்கு ஒருமுறை கூடுதல் பயிற்சிக்கான படிவம் வரும். ஒரே ஒரு தாள். பெயர், எண், அதற்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பக் கட்டங்கள். பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கனரக வாகனம், சமையல், வயர்லெஸ், முதலுதவி. கடைசி வரியில் கண்ணிவெடி அகற்றுதல். அதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பயிற்சி முடித்தவர்களுக்குத் தோளில் மஞ்சள் பட்டை தைப்பார்கள். எங்கள் முகாமிலேயே இரண்டு பேர் தோளில்தான் அது இருந்தது. அவர்கள் சாப்பாட்டு வரிசையில் வந்தால் மற்றவர்கள் தானாக வழி விடுவார்கள்.

கிளார்க் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், மூணு கட்டத்துலயும் கண்ணிவெடின்னே எழுதலாமா?"

"மூணு தடவை எழுதினா மூணு கால் குடுப்பாங்களா? மேல இருக்கிற கட்டத்தைத்தான்டா பார்ப்பாங்க. கீழ ரெண்டும் காலர் பட்டன் மாதிரி. இருக்கும், எவனும் போட மாட்டான்." பன்னைக் கடித்தார். "அப்புறம் அது ஜோடிப் பயிற்சி. ஒருத்தன் குனிஞ்சு வேலை செஞ்சா இன்னொருத்தன் பின்னாடி நின்னு பார்க்கணும். ஒரே பிரிவுல ரெண்டு பேர் முதல் கட்டத்துல எழுதினாத்தான் எடுப்பாங்க. ஒத்தையா வந்தா ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுடுவேன். நாளைக்கு மத்தியானம் கடைசி."

அன்று மாலை முழுக்கக் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டேன்.

"எனக்கு ரெண்டு காலும் பழகிடுச்சுடா. பிரிய மனசில்ல" என்றான் வயர்லெஸ்காரன்.

"உன்னை எனக்குப் பின்னாடி நிக்க வைக்கணுமா? அதுக்கு நானே போய் வெடி மேல உட்கார்ந்துக்கிறேன்" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவரும் வரவில்லை.

ஆமை அப்போது விடுப்பில் இருந்தான். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவனே போனில் கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தெரிந்தது. பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிறது.

"பொண்ணுடா! ரெண்டே முக்கால் கிலோ. மூக்கு என்னை மாதிரி, பாவம்."

"யப்பா, இதையாவது சீக்கிரம் செஞ்சியே!"

"டேய், அந்த ஃபாரம் இன்னைக்குத்தானே கடைசி? நீயே போட்டுடு. லாரியை மேல எழுது. கேட்குதா? லாரி. மச்சினன் ஒண்ணு வாங்கியிருக்கான், ஓட்ட ஆள் இல்ல. லைசென்ஸ் மட்டும் கையில வந்துட்டா ரெண்டு வருஷத்துல வெளிய வந்துடுவேன். இவகிட்டயும் சொல்லிட்டேன்."

"கீழ ரெண்டுலயும்?"

"எதையாவது கிறுக்கு."

படிவத்தை எடுத்து அவன் பெயரையும் எண்ணையும் எழுதினேன். தப்பு செய்யும்போது மனிதனுக்கு மூளை எவ்வளவு வேகமாக ஓடுகிறது! லாரிப் பயிற்சி வருடா வருடம் வரும், கண்ணிவெடி இப்போது விட்டால் மூன்று வருடம் கழித்துத்தான். அடுத்த வருடம் அவன் லாரிக்குப் போகலாம். மஞ்சள் பட்டையோடு வீட்டுக்குப் போனால் பெண்டாட்டிக்கும் பெருமைதானே. இத்தனையும் அரை நிமிடத்தில் நினைத்து முடித்துவிட்டேன். முதல் கட்டத்தில் கண்ணிவெடி என்று எழுதினேன். இரண்டாவதில் லாரி. என் படிவத்திலும் அப்படியே. அவன் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் தாமதமாக வரும் நாளெல்லாம் வருகைப் பதிவில் போட்டுப் பழகிய கைதான்.

அவன் திரும்பி வந்த அன்று பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. தோளில் பையை இறக்காமலே நின்று படித்தான். ஆமைதான், ஆனாலும் ஒரு வரியைப் படிக்க அத்தனை நேரம் ஆகாது.

"லாரிதானேடா எழுதினே?"

"லாரிதான் எழுதினேன். மேலேருந்து மாத்திட்டாங்க போல. ஆள் பத்தலையாம்."

"கிளார்க்கைக் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"கேட்டு? மேலேருந்து வந்தா வந்ததுதான். விடு, நான் கூட இருக்கேன்ல."

பையை இறக்கினான். "சரி" என்றான். அன்று மாலை போனில் மனைவியிடம் அவன் பேசியது காதில் விழுந்தது. மேலேருந்து ஆர்டர், மேலேருந்து ஆர்டர் என்று இரண்டு தடவை சொன்னான்.

பயிற்சித் திடலில் கயிறு கட்டித் தடம் தடமாகப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மீட்டர் அகலம். முழங்கால் போட்டு உட்கார்ந்து, நீளமான கம்பியை மண்ணில் சாய்வாக, விரல்கடை விரல்கடையாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே புதைத்திருப்பது பொம்மை வெடி. அழுத்திக் குத்தினால் பீப் என்று கத்தும். மூன்று முறை கத்தினால் வீட்டுக்குப் போ.

முதல் நாளே எனக்கு ஒரு பீப். மூன்றாம் நாள் இன்னொன்று. ஆமை மூன்று நாளில் நான்கு மீட்டர்தான் போயிருந்தான், ஆனால் ஒரு சத்தம் இல்லை. மண்ணைத் தூரிகையால் தள்ளும்போது தூங்குகிற குழந்தையின் முகத்திலிருந்து எதையோ எடுப்பவன் போல இருப்பான். பயிற்சி கொடுத்த சார்ஜென்ட் அவனுக்குப் பின்னால் வந்து பேசாமல் நின்று பார்ப்பார்.

ஐந்தாம் நாள் காலை என் மூன்றாவது பீப் கத்தியது.

"நீ கிணறு வெட்டப் போ, தம்பி" என்றார் சார்ஜென்ட். "இது உனக்கு ஆகாது."

முதல் கட்டத்தில் தோற்றவனுக்கு இரண்டாவது கட்டத்தைப் பார்ப்பார்களாம். அது எங்களுக்குத் தெரியாது, கிளார்க் சொல்லவில்லை. லாரிப் பயிற்சியில் ஒருவன் கை முறிந்து இடம் காலியாக இருந்தது. என்னை அங்கே அனுப்பினார்கள். ஆமையை வேறு பிரிவின் ஆளோடு ஜோடி சேர்த்தார்கள்.

வாசல் வரை வந்து வழியனுப்பினான். முழங்காலில் மண்.

"கிளட்சைப் பார்த்து மிதி. அதுவும் பூட்ஸ் கயிறு மாதிரின்னு நினைச்சுடாதே."

"சரிடா."

"வேற ஒண்ணும் சொல்ல இல்லையா?"

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. போய்ட்டு வா."

லைசென்ஸ் வாங்கினேன். ஆமை அந்தத் தொகுதியிலேயே முதலாவதாக வந்தான். மஞ்சள் பட்டை தைத்துக்கொண்டு வந்தபோது அதை அவன் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்து நான் காணவில்லை. அடுத்த வருடப் படிவத்தை அவனே எழுதினான். மூன்று கட்டத்திலும் லாரி. பதில் பதினைந்து நாளில் வந்தது: சிறந்த ஆள், விடுவிக்க இயலாது. அதை எட்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா வேலை செஞ்சது தப்பாப் போச்சுடா" என்று சிரித்தான். சொல்லிவிடலாம் என்று அன்று வாய் திறந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. மணி அடித்ததால்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எங்கள் வேலை ஒன்றாகவே அமைந்தது. ஆமையும் அவன் குழுவும் முன்னால் சாலையைத் துழாவிக்கொண்டு போவார்கள். நூறு மீட்டர் பின்னால் நான் லாரியில் சாமான்களோடு ஊர்ந்து வருவேன். காலையிலிருந்து மாலை வரை கண்ணாடிக்கு முன்னால் அவன் குனிந்த முதுகு. லைசென்ஸ் வேண்டும் என்றவன் மண்ணில், மண்ணுக்குப் போக ஆசைப்பட்டவன் சீட்டில். சில நாள் அவன் திரும்பி, ஸ்டியரிங் சுற்றுவது போலக் கையால் காட்டுவான். நான் ஹாரன் அடிப்பேன். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு.

அன்று காலை பத்தரை மணி. அவன் கண்டுபிடித்த வெடியை ஒழுங்காகத்தான் வெளியே எடுத்தான். அதற்கு நேர் கீழே இன்னொன்றைப் புதைத்திருந்தார்கள். சத்தம் எனக்கு நினைவில் இல்லை. கண்ணாடியில் மண் விழுந்ததும், வைப்பரைப் போட்டதும் நினைவிருக்கிறது. வைப்பர் இரண்டு முறை போய் வந்தது. முதுகு இல்லை.

அவனை என் லாரியில்தான் கொண்டுபோனோம். நாற்பது கிலோமீட்டர். கிளட்சைப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். ஒரு பள்ளம் விடாமல் விலக்கினேன்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது கையில் இரண்டு விரல் இல்லை. வலது கை முழுக்கக் கட்டு, அதில் எத்தனை மிஞ்சும் என்று டாக்டர் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. மூக்கு அவனுடையதுதான்.

"வாங்கண்ணா. இப்பதான் மருந்து குடுத்தாங்க, முழிச்சிட்டுத்தான் இருக்கார்." குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "ஒண்ணு கேட்கணும்ணா. லாரி லைசென்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்னுதானே சொல்லிட்டு வந்தார். அவரைப் போய் ஏன் அதுல போட்டாங்க? யாரைக் கேட்டாலும் தெரியாதுங்கறாங்க. நீங்க கூடவே இருந்தீங்களே."

"மேலேருந்து வந்த ஆர்டர்மா."

"மேலேருந்துன்னா யாரு?"

நான் உள்ளே போனேன்.

ஆறு கட்டில் உள்ள அறை. அவன் ஜன்னல் ஓரம். முகத்தில் சிறு சிறு கறுப்புப் புள்ளிகள், மண் உள்ளேயே தங்கிவிட்டது.

"வாடா பம்பரம். உட்காரு. ஓ, நீதான் உட்கார மாட்டியே. இப்ப நம்ம ரெண்டு பேரும் ஒத்தைக் கால்தான், போ."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"அந்த மேசையில ஒரு தாள் இருக்கு பாரு. நலத்துறை மேடம் குடுத்துட்டுப் போனாங்க. நாலு மணிக்கு வந்து வாங்கிப்பாங்களாம். என் கையைத்தான் பார்க்கிறியே. எழுது."

எடுத்துப் பார்த்தேன். காயம்பட்டவர்களுக்கான மறுபயிற்சிப் படிவம். பெயர், எண், ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பக் கட்டங்கள். அச்சு எழுத்துக்கூட அதேதான்.

"படி, என்னென்ன இருக்குன்னு."

"கம்ப்யூட்டர் டைப்பிங். மொபைல் ரிப்பேர். தையல். கிடங்குப் பொறுப்பாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்."

"விரல் கேட்காதது எது?"

"டெலிபோன்… கிடங்கும் பரவாயில்லன்னு நினைக்கிறேன்."

"நீ நினைக்கிறது இருக்கட்டும். மேல டெலிபோன் எழுது. ரெண்டாவது கிடங்கு. மூணாவது எதுவும் வேண்டாம், கோடு போட்டுடு."

எழுதினேன். பேனா வழுக்கியது, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினேன்.

"இப்ப காட்டு."

முகத்துக்கு நேரே பிடித்தேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த எதையும் அவன் வாங்கிப் பார்த்ததில்லை. இப்போது மேலிருந்து கீழாக, பெயர், எண், ஒவ்வொரு கட்டமாக, கம்பியை மண்ணில் செலுத்துகிற நிதானத்தோடு படித்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"பயிற்சி முதல் நாளே. சார்ஜென்ட் மேசையில எல்லார் ஃபாரமும் விரிச்சுக் கிடந்துச்சு. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"ஏன்டா அப்பவே சொல்லல? மாத்தியிருக்கலாமே. நான் போய் ஒத்துக்கிட்டிருப்பேனே."

"நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வாசல்ல வச்சுக் கேட்டேனே. அப்புறம் இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன். பதினாலு மாசம். அதுக்குள்ள அந்த வேலையும் கைக்கு வந்துடுச்சு. என்னை ஆமைன்னு சொல்றீங்க. நீ இருக்கியே, அப்பா!"

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

"கீழ இன்னொரு கட்டம் இருக்கு பாரு. என்ன போட்டிருக்கு?"

படித்தேன். "விண்ணப்பதாரருக்காக நிரப்பியவர் பெயர், கையெழுத்து."

"அந்த ஃபாரத்துல இது இல்ல. இதுல இருக்கு. உன் பேரை எழுது. பம்பரம்னு இல்ல, முழுப்பேர்."

எழுதினேன். என் கையெழுத்தையே நான் பழகாதவன் போலப் போட்டேன்.

"வெளியில அவகிட்டக் குடு. படிச்சுப் பார்த்துட்டு மேடத்துகிட்டக் குடுக்கட்டும்." கண்ணை மூடிக்கொண்டான். "அவ உன்னை என்ன கேட்டா?"

"யார் மாத்தினாங்கன்னு."

"என்ன சொன்னே?"

தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

வராந்தாவில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அவள் தாளை வாங்கி, அசங்காமல், ஒரு கையால் பிடித்துப் படித்தாள். கடைசிக் கட்டம் வரை வந்து, என் பெயரைப் பார்த்து, தலையை ஆட்டினாள்.

"நீங்க எழுதினதா? சரியா இருக்குண்ணா. ரொம்ப நன்றி."

பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. கையால் அழுத்திப் பிடித்து நிறுத்தினேன்.

"இதுக்கு முன்னாடி இன்னொண்ணும் எழுதினேன்மா" என்றேன்.