மூன்றாவதாகப் பேசியவர்

1

இந்தக் கதையை எழுதக் காரணம், நான் ஏற்கெனவே எழுதி அச்சேறிவிட்ட ஒரு வாக்கியம். எங்கள் ஊர் நூலகத்தின் மாத மடலுக்கு, பிப்ரவரிப் புத்தகப் போட்டியைப் பற்றி ஆறு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான்காவது வரி இது: 'மூன்றாவதாகப் பேசிய சொனோபே இத்ஸுகோ சுருக்கமாகப் பேசினார்.'

பொய் எதுவும் இல்லை. ஆனால் மடல் கைக்கு வந்து அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இது அதற்கான திருத்தம். திருத்தம் மூலத்தைவிட நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'கடலிலிருந்து வீசிய பனிக்காற்று நூலகத்து மாடிச் சன்னல்களை—'

வேண்டாம். எங்கள் ஊரில் காற்று எப்போதும்தான் வீசுகிறது.

இரண்டாம் தொடக்கம்: 'சொனோபேவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மீனை அரைத்து அவித்துக் கட்டியாக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்.' உண்மைதான். ஆனால் இதைப் படித்ததும் நீங்கள் அவருக்காக இரக்கப்படத் தொடங்குவீர்கள். அவருக்கு அது பிடிக்காது.

ஆகவே போட்டி விதிகளிலிருந்து தொடங்குகிறேன். தான் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். கையில் குறிப்பு கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு முன்னால் முடிக்கவும் கூடாது. பேச்சு தீர்ந்துபோனால் மணி அடிக்கும்வரை மேடையிலேயே நிற்க வேண்டும். பிறகு கேள்விகள். கடைசியில் எல்லோரும் கை தூக்குவார்கள்: எந்தப் புத்தகத்தைப் படிக்க உங்களுக்கு ஆசை வந்தது? யார் நன்றாகப் பேசினார் என்று யாரும் கேட்பதில்லை.

மணி என் கையில் இருந்தது.*

* குறைவாகப் பேசுகிற ஆள் என்பதால் அந்த வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். போட்டி முடிந்து தேநீரோடு அவரவர் அண்மையில் படித்ததைச் சொல்லும்போதும், என் முறை வந்தால் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். அதையும் ஒரு பரிந்துரையாக ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அவர்களுக்கு உண்டு.

3

ஒவ்வொரு மார்ச் முடிவிலும் நூலகத்தில் ஒரு களையெடுப்பு நடக்கும். பத்து வருடத்தில் ஒருவருக்குமேல் எடுக்காத புத்தகம் அலமாரியை விட்டுப் போய்விடும். இந்த வருடப் பட்டியலில் சொனோபேவின் புத்தகம் இருந்தது. தீவொன்றின் வானிலை நிலையத்தில் சமையல்காரராக இருந்த ஒருவரின் நாட்குறிப்பு. பத்து வருடத்தில் ஏழு முறை வெளியே போயிருக்கிறது. ஏழு முறையும் சொனோபேவின் பையில்.

அவருக்கு இது தெரியவந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நீங்களே வெச்சுக்கங்க சொனோபே-சான், சும்மாவே தர்றோம்" என்றார் நூலகர் நாகுமோ.

"என் வீட்ல இருந்தா இந்த ஊர்ல இல்லேன்னுதான அர்த்தம்?"

"ஆனா ஏழு தடவையும் ஒரே ஆள்..."

"விக்கு மாட்டிக்கிட்டு ஏழு பேரா வந்திருக்கணும்ங்கறீங்க. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

நாகுமோ கழுத்தைச் சொறிந்துகொண்டார். "இன்னும் ஒருத்தர். ஒரே ஒருத்தர் மார்ச்சுக்குள்ள கேட்டா போதும், பட்டியல்லேர்ந்து தூக்கிடறேன்."

"அப்ப போட்டியில என் பேரைப் போடுங்க."

நாகுமோ சிரித்தேவிட்டார். மூன்று வருடமாக எங்கள் புத்தகக் கூட்டத்துக்கு வருகிற சொனோபே, 'நல்லா இருந்துச்சு' என்பதைத் தாண்டி எதுவும் சொன்னதில்லை.

4

ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கிஸாகி. பல் செட் செய்கிறவர். தொடர்ந்து நான்கு போட்டிகளில் வென்றவர். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கினேன், கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் போட்டியன்று வாசலில் செருப்பு மாற்றும் இடத்தில் நடந்தது இது:

"என்ன சொனோபே-சான், ஏழு தடவை படிச்சும் மண்டையில ஏறலையா?"

"நீங்களும் ஐம்பது வருஷமா பல்லு தேய்க்கிறீங்க. போதும்னு விட்டுட்டீங்களா?"

மாடிப்படி அதிரச் சிரித்தவர் கிஸாகிதான். (அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.)

5

இரண்டாவதாகப் பேசிய கிஸாகி ஒரு பழைய பாலத்தின் வரலாற்றை நூலிழை பிசகாமல் சரியாக ஐந்து நிமிடத்தில் கட்டி முடித்தார். அடுத்து சொனோபே ஏறினார். அவர் பேசியது முழுவதையும் தருகிறேன்:

"இது ஒரு சமையல்காரர் எழுதினது. தீவுல மொத்தமே ஆறு பேர். காத்தடிக்கும், மழை பெய்யும், இவரு சோறாக்குவாரு. வர வேண்டிய படகு வராது. பெருசா ஒண்ணும் நடக்காது. கடைசிப் பக்கத்துலயும் சோறுதான். எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்."

குனிந்து வணங்கிவிட்டு இறங்கப் போனார். நாகுமோ பதறி எழுந்தார்.

"இன்னும் நாலு நிமிஷம் பத்து விநாடி இருக்குங்க."

"பேச ஒண்ணும் இல்லையே."

"நிக்கணும்ங்க. விதி."

"நிக்கறதா? அது எனக்கு வரும்."

நின்றார். யாரோ இருமினார்கள். யாரோ கூரையைப் பார்த்தார்கள். கிஸாகி என் பக்கம் சாய்ந்து, "அடிச்சு விட்ருங்க, பாவம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டேன். என் உடம்பில் நான் பெருமைப்படும் உறுப்பு ஒன்று உண்டென்றால் அந்த விரல்தான்.

அப்போது அவர் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். சத்தமாக வாசிக்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் தனக்குள் படிக்க ஆரம்பித்தார்.

6

இதை எப்படி எழுதுவது?

முதலில் அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டுப் பார்த்தேன். சாமர்த்தியம் காட்டுவது போலிருந்தது. 'அந்த மௌனத்தில் ஒரு யுகம்—' அதுவும் வேண்டாம். என்ன நடந்ததோ அதை எழுதுகிறேன். எடையை இடது காலுக்கு மாற்றினார். ஒரு பக்கம் திருப்பினார். புருவம் சேர்ந்தது, பிரிந்தது. உதடு எதையோ ருசி பார்ப்பது போல அசைந்தது. எங்களை மறந்து வெகுநேரமாகிவிட்டது என்று முதுகின் வளைவிலேயே தெரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் மூக்கின் வழியே குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாங்கள் தட்டாமல் அவர் வீட்டுக்குள் வந்துவிட்டவர்கள் போல ஒரு பார்வை பார்த்தார். திரும்பவும் உள்ளே போய்விட்டார்.

இருபத்து மூன்று பேரும் முன்னால் சாய்ந்திருந்தோம். இப்போது இருமல் இல்லை. ஒருவர்கூட கைபேசியைத் தொடவில்லை. வாழ்நாள் முழுவதும் படிக்கிறேன், படிக்கும்போது ஒரு முகத்துக்கு என்ன நேர்கிறது என்று நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள என்னிடம் அதிகம் இல்லை. அந்த அறையில் இருந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்வேன்.

மணி அடித்தேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை அடித்தேன்.

7

கேள்வி நேரம். கிஸாகிதான் முதலில் கை தூக்கினார்.

"எந்த இடத்துல சிரிச்சீங்க?"

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"என்ன இருக்கு அதுல?"

"சோறு தீஞ்சு போச்சு."

"அதுல என்னங்க சிரிப்பு?"

"முன்னாடி நூத்திப் பதினோரு பக்கம் இருக்கே, அதைப் படிச்சிருந்தாத்தான் சிரிப்பு வரும்."

(அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நானே கற்பனை செய்து மூன்று விதமாக எழுதினேன். மூன்றுக்கும் எனக்கே சிரிப்பு வரவில்லை.)

8

முடிவுகள்.

அ. கைகள் உயர்ந்தன, சொனோபே வென்றார். கேட்க இனிமையாக இருக்கிறது, அதனாலேயே என் கை தயங்குகிறது.

ஆ. கிஸாகி ஐந்தாம் முறையாக வென்றார். சொனோபே நன்றாகக் கைதட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

எது நடந்தது என்பது அந்த மடலின் ஐந்தாவது வரியில் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அவர் ஏறியது வெற்றிக்காக அல்ல, இன்னும் ஒரே ஒருவருக்காக.

போட்டிக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நூலகம் திறந்ததும் அந்த நாட்குறிப்பைக் கேட்டுப் போனேன்.

"பேர் பதிஞ்சுக்கங்க" என்றார் நாகுமோ. "நீங்க நாலாவது."

"முதல் ஆள் யாரு?"

"சொல்லக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று அதட்டினார். முகம் மட்டும் அதட்டவில்லை.

அப்போது எனக்குப் பின்னால் சொனோபே வந்து நின்றார். பட்டியலிலிருந்து புத்தகத்தைத் தூக்கியாயிற்று என்று நாகுமோ சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். வழக்கம்போல எடுத்துப்போகக் கை நீட்டினார்.

"அஞ்சாவதா வருவீங்க சொனோபே-சான். ஆளுக்கு ரெண்டு வாரம். எட்டு வாரம் ஆகும்."

அவர் என்னைப் பார்த்தார். வரிசையில் அவருக்கு முன்னால் நிற்பது நான் என்று புரிந்துகொண்டார். இவ்வளவு பெருமிதமான முறைப்பை நான் யாரிடமும் வாங்கியதில்லை.

"நல்லா மாட்டிவிட்டீங்க எல்லாருமா சேர்ந்து" என்றார். "எட்டு வாரம் நான் என்னத்தைப் படிக்கிறது? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

மேசைமேல் வைக்க என்னிடம் அன்று புத்தகம் இல்லை. வாயைத் திறந்தேன்.

நான் என்ன சொன்னேன் என்பது கதைக்கு வெளியே இருக்கட்டும். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, கையில் காலிப் பையோடு அவர் காத்திருக்கிறார். நீங்கள் கடைசியாக என்ன படித்தீர்கள்?