பாம்புக் காதுக்காரர்

பீரங்கிப் படையில் அவரை எல்லோரும் பாம்புக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்ற மனிதர். ஆனாலும் வருஷா வருஷம் காது சோதனையில் நூற்றுக்கு நூறு! அதற்குக் கையெழுத்துப் போட்டவள் ராணுவ ஆஸ்பத்திரியின் காது சோதனைக்காரி. சிப்பாய்களுக்கு அவள் 'பீப் அக்கா'. என் கையெழுத்தில் ஒரு தப்புக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று மார்தட்டுகிற ரகம்.

அன்றைக்கும் அவர் சத்தம் புகாத கூண்டுக்குள் ஹெட்போனோடு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கூண்டுக்கு முன்னும் பின்னும் கண்ணாடி ஜன்னல். அவள் பொத்தானை அழுத்தினால் அவர் காதில் 'பீப்'. கேட்டதும் அவர் தன் பொத்தானை அழுத்தினால் அவள் மேஜையில் விளக்கு எரியும். நடுவில் அவளுக்கு ஒரு தும்மல் வந்து கையைத் தூக்கிப் போட்டது. விரல் பொத்தானில் படவேயில்லை. விளக்கு எரிந்தது.

"அடப் பாவி!" என்றாள் வாய்விட்டு.

முழங்கையைச் சும்மா ஆட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. உடம்பை அசைக்காமல் ஒற்றை விரலால் பீப் அனுப்பினாள். எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். ஊஹூம். நிமிர்ந்து பார்த்தாள். கூண்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளே கேட்டு வாங்கி வைத்தது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஆடும் அவள் முழங்கை அதில் பளிச்சென்று தெரிந்தது.

கூண்டைத் திறந்தாள். "எத்தனை வருஷமா தம்பி?"

அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இனி முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

"நாலு வருஷமாக்கா. இடது காது சுத்தமா போச்சு, வலதும் பாதிதான். பீரங்கிய விட்டு எடுத்துட்டா நான் என்னக்கா பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"அதச் சுத்தி ஆறு பேர் நிக்கிறாங்களே. 'நிறுத்து'ன்னு கத்தினா கேக்குமா உங்களுக்கு?"

அவர் தலை குனிந்தார். "போன வாரம் கேக்கல. பக்கத்துல நின்னவன் கையப் புடிச்சு இழுத்தான்."

"இந்த வித்தை உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?"

அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "பசங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்க்கா."

"உங்க பேர எழுதத்தான் போறேன் தம்பி. அதே தாள்ல என் பேரையும் எழுதுவேன். அலமாரிய அங்க வச்சது நான்தானே."

அவளுக்கு மேலே இருந்த காது டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. "அலமாரிய நகத்திட்டு கம்முனு இரும்மா. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காத. அஞ்சு வருஷ ரிப்போர்ட்டும் தப்புன்னு எழுதிக் குடுத்தா உன் பேருதான் நாறும்."

"நாறட்டும் சார். என் கையெழுத்த நம்பித்தான் அவங்க பீரங்கிகிட்ட நிக்கிறாங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மறு சோதனை என்று உத்தரவு போனது. 'பீப் அக்கா நம்ம வயித்துல அடிக்கிறா' என்று கேன்டீனில் அவள் காதுபடவே பேசினார்கள். தெரிந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அழவில்லை என்று சொன்னால் பொய்.

மறு சோதனை நாளன்று பத்து மணி வரை ஈ காக்கை வரவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவளுக்கே மனசு ஊசலாடியது. அப்போதுதான் வராந்தாவில் பூட்ஸ் சத்தம். முன்னால் பாம்புக் காதுக்காரர், பின்னால் அவருடைய ஆறு பேர், அவர்களுக்கும் பின்னால் பீரங்கிப் படையே வரிசை கட்டி நின்றது.

"முதல்ல நான்தான்க்கா. இவனுங்களும் பாக்கட்டும், ரூம் கதவத் தொறந்தே வைங்க."

கூண்டுக்குள் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவள் பீப் அனுப்பினாள். இன்னொன்று. இன்னும் சத்தமாக இன்னொன்று. ஆறு பேரும் மூச்சுவிடாமல் விளக்கையே பார்த்தார்கள். அது எரியவில்லை. பத்தொன்பது வருஷம் கட்டிக் காத்த பெயர் அத்தனை பேருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் விரல் அசையவில்லை, கண்ணும் திறக்கவில்லை.

வெளியே வந்தார். "என்னாச்சுக்கா?"

"ஃபெயில் தம்பி" என்றாள். முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பெற்றவளுக்குக்கூட அப்படி மனசு நிறைந்திருக்காது.

அவர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். காது கேட்காதவர்களின் குரல் எப்போதும் ஒரு படி கூடத்தான் இருக்கும், வராந்தாவே அதிர்ந்தது.

"நான் ஃபெயில்டா! அடுத்த ஆள் உள்ள போ!"

கேன்டீனில் அவளை உரக்கத் திட்டினவன்தான் அடுத்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "வணக்கம்க்கா" என்று உள்ளே போய் உட்கார்ந்தான்.