கட்டைவிரலில் கட்டாத பட்டை

ரத்தக்குழாய் ஸ்கேன் அறையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவளுக்கு, ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஆனால் கூடப் பிறந்தவன் விஷயத்தில்தான் கோட்டை விட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் அண்ணன் வந்தான். சலூன் வைத்திருப்பவன், நாள் முழுக்க நின்றே பிழைப்பவன். கடைக்கு நடக்கும்போது வழியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறதாம். கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். சும்மா நின்றால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்களே என்று, செருப்புக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று விலை பார்ப்பதுபோல் நடிப்பானாம்.

"எனக்குத்தான் செருப்பு வாங்கப் போறாருன்னு நானும் மூணு வாரமா காத்துட்டிருக்கேன்," என்றாள் கூட வந்த அண்ணி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

தங்கை அவன் கையில் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். குழாயில் அடைப்பு இருந்தால் கால் அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கையைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

"உனக்குக் குதிரைக் கால் அண்ணா. சதைப்பிடிப்புதான். வலிச்சாலும் விடாம நட, சரியாயிடும்."

சர்க்கரை உள்ளவர்களிடம் இந்த அழுத்த எண் பொய் சொல்லும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப் போயிருக்கும். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. உள்ளே ரத்தம் ஒழுங்காக ஓடாவிட்டாலும் எண் அழகாக வரும். அதனால் கால் கட்டைவிரலிலும் ஒரு சின்னப் பட்டை கட்டிப் பார்த்தே ஆக வேண்டும். புதிதாக வரும் நர்ஸுகளுக்கு இதைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அண்ணனுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சின்னப் பட்டை மாடியில் இருந்தது, சாப்பாட்டு டப்பா மேஜைமேல் இருந்தது; அவள் மாடி ஏறவில்லை. சொந்த அண்ணன்தானே என்று பதிவுச் சீட்டும் போடவில்லை, டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது அதே கட்டைவிரல் கறுத்துப்போய்க் கிடக்கிறது. ஆஞ்சியோ செய்ததில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் அடைப்பு. நேற்று குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறந்தார்கள். விரலை எடுக்கத்தான் வேண்டும். பாதம் தப்புமா என்பது பத்து நாளில் தெரியும்.

டாக்டரம்மா காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். "வலி ஆரம்பிச்சப்பவே ஏன் வரல நீங்க?"

"சோம்பேறித்தனம்தான் டாக்டர்," என்றான் அண்ணன். தங்கை நிற்கும் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் தன்னைக் கை நீட்டிக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை. இத்தனை நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"வந்தாரு டாக்டர். நான்தான் பார்த்தேன். விரல்ல பட்டை கட்டல. ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டேன்."

"கேஸ் ஷீட்ல எழுது. எல்லாத்தையும் எழுது," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வெளியே போனார்.

"ஏன் சொன்னே? வேலைக்கு உலை வெச்சுக்கிறியா?" என்று சீறினான் அண்ணன்.

"உன் விரல் போறது என்னாலதான் அண்ணா." அழுதுவிட்டாள்.

அவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான்.

"இரு இரு. நீ சொன்னதை நான் கடையில வேற சொன்னேனே! பக்கத்து சைக்கிள் கடைக்காரர்கிட்ட. அவருக்கும் இதே வலி, இதே சர்க்கரை. 'விடாம நடங்க, என் தங்கச்சி சொன்னா தப்பாது'ன்னு பெருமையா சொன்னேன்."

அவன் போனிலிருந்து எண்ணைப் பார்த்து அவள் அழைத்தாள். சைக்கிள் கடைக்காரரின் மனைவி எடுத்தார்.

"அவரா? நடக்கப் போயிருக்காரும்மா. கால்ல புண்ணோட போகாதீங்கன்னேன், கேட்டாத்தானே? ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற அம்மாவே சொல்லியிருக்காங்களாம்."